மேசையில் ஒன்று, கையில் ஒன்று: கேமிங் பிசி இருப்பவருக்கு ஸ்டீம் டெக் எதற்கு?

கேமிங் பிசி வைத்திருக்கிற நண்பர்களில் வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "வீட்ல நல்ல மெஷின் இருக்கு. இதுக்கு மேல ஸ்டீம் டெக் மாதிரி ஒண்ணு வாங்கினா பிரயோஜனம் இருக்கா, இல்ல காசைக் கரியாக்கறதுதானா?" நேரான கேள்வி. ஆனால் யூடியூபில் தேடினால் கிடைப்பதெல்லாம் வேறு ஏதோ கேள்விக்குச் சொன்ன பதில்கள். ஒரே ஆட்டத்தை இரண்டிலும் ஓட்டி, இதில் நொடிக்கு இத்தனை ஃபிரேம், அதில் இத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். லாரியையும் ஸ்கூட்டரையும் அருகருகே நிறுத்தி எது அதிக மூட்டை ஏற்றும் என்று பார்ப்பதுபோல இருக்கிறது. லாரி வைத்திருப்பவர் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று கேட்கும்போது மூட்டைக் கணக்கு எதற்கு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணைதான், நல்ல துணை. ஆனால் விளம்பரங்களில் வருகிற ரயில் ஜன்னலோரமும் விமான நிலையமும் பூங்கா பெஞ்சும் அதற்குக் காரணம் இல்லை. பிசி இருக்கிற அதே வீட்டுக்குள்தான் இந்தக் கருவி அதிகம் உழைக்கிறது. அதுவும் எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு இது சுத்த வீண்செலவு. யாருக்கு எது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடப் பொருளியலில் நிரப்புப் பொருள், பதிலிப் பொருள் என்று படித்திருப்போம். பேனாவும் மையும் நிரப்புப் பொருட்கள்; ஒன்று மலிந்தால் மற்றதும் சேர்ந்து விற்கும். காபியும் டீயும் பதிலிகள். ஒன்று மலிந்தால் மற்றதற்குக் கிராக்கி குறையும். கையடக்கக் கருவிகளைப் பற்றிய குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பிசி இல்லாத ஒரு கல்லூரிப் பையனுக்கு ஸ்டீம் டெக் ஒரு பதிலி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டினால் அதுவே ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர், அவனுக்கு அது போதும். பிசி இருப்பவருக்கு அதே பொருள் நிரப்பியா பதிலியா என்பது அவர் பிசியை எதற்காக வாங்கினார் என்பதைப் பொறுத்தது.

எண்களை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவோம். 2022 பிப்ரவரி கடைசியில் வெளிவந்த முதல் ஸ்டீம் டெக்கின் திரை 7 அங்குலம், 1280க்கு 800. அதாவது சுமார் 10 லட்சம் புள்ளிகள். மேசையில் இருக்கிற 1440பி மானிட்டரில் சுமார் 37 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். டெக்கின் உள்ளே இருக்கிற ஏஎம்டி சிப் செயலியும் கிராபிக்ஸும் சேர்ந்து 15 வாட்டுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். மேசை பிசியில் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு ஒன்றே 200 வாட் இழுக்கும். பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு குறைவான மின்சாரத்தில் ஒரு ஆட்டம் ஆடும்படியாக ஓடுகிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் வரைய வேண்டிய புள்ளிகள் குறைவு என்பது. திரை சின்னதாக இருப்பதால் கண்ணுக்கும் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் திரை 7.4 அங்குலம், 90 ஹெர்ட்ஸ், பேட்டரி 40 வாட் மணியிலிருந்து 50க்கு ஏறியது, எடை 669 கிராமிலிருந்து 640க்கு இறங்கியது. வேகம் பெரிதாகக் கூடவில்லை. வால்வ் நிறுவனம் எதைக் கூட்டியது, எதை அப்படியே விட்டது என்று பார்த்தாலே தெரியும், இது பிசியோடு ஓட்டப்பந்தயத்துக்கு வந்த பொருள் இல்லை.

சரி, எண்கள் போதும். பிசியில் உண்மையில் என்ன பற்றாக்குறை? வேகமா? இல்லை. பிசி மேசையோடு கட்டிப்போடப்பட்டது, நாமும் அதோடு சேர்ந்து கட்டிப்போடப்படுகிறோம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பகல் முழுக்க வேலை பார்த்ததும் அதே மேசை, அதே நாற்காலி. மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்த அதே இடத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி போய் உட்கார்ந்து டிராகனைக் கொல்ல வேண்டும் என்றால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. "ஆடணும்னு ஆசையா இருக்கு, ஆனா அங்க போய் உட்காரணுமேன்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான். லட்ச ரூபாய் மெஷினை வைத்துக்கொண்டு படுக்கையில் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

நம் வீடுகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பிசிக்கென்று தனி அறை எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அது ஹாலின் மூலையில் இருக்கும், இல்லையென்றால் ஏசி இருக்கிற ஒரே படுக்கையறையில் இருக்கும். ஹாலில் இருந்தால் டிவியோடு சண்டை. படுக்கையறையில் இருந்தால் தூங்குகிறவர்களோடு சண்டை. பையனுக்கு ஆன்லைன் டியூஷன் என்றால் மேசையையே காலி செய்துகொடுக்க வேண்டும். கையில் வைத்து ஆடுகிற கருவி இந்தத் தகராறிலிருந்து விலகிக்கொள்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டார் சீரியல் பார்க்கிற அதே சோபாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடலாம். அது "கூட இருப்பது" ஆகுமா என்பது வேறு விவாதம். எங்கள் வீட்டில் ஆகும் என்று தீர்ப்பாகியிருக்கிறது, அரை மனதோடு.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பிசிக்குத் துணை என்றால் நிண்டெண்டோ ஸ்விட்ச் அல்லவா பொருத்தம்? செல்டா, மரியோ எல்லாம் பிசியில் வரவே வராது. பிசியில் இல்லாததை ஸ்விட்ச் கொண்டுவருகிறது, டெக்கோ பிசியில் இருப்பதையே மறுபடி கொண்டுவருகிறது; இதில் எது நிரப்பி? வாதம் வலுவானதுதான். பதினான்கு வயதுப் பையனிடம் கேட்டால் ஸ்விட்ச் என்றுதான் சொல்வான், அது சரியும்கூட. அவனிடம் நேரம் இருக்கிறது, ஆட்டங்கள் இல்லை. என் வயதுக்காரர்களின் நிலைமை தலைகீழ். பத்து வருடமாகத் தள்ளுபடி விற்பனைகளில் வாங்கிக் குவித்த ஆட்டங்கள் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கின்றன. ஆட்டத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆடுகிற வேளைக்குத்தான் பஞ்சம். ஸ்விட்ச் வாங்கினால் பிசியில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய ஹேடீஸையோ ஸ்டார்டியூ வேலியையோ இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க வேண்டும். டெக்கைத் திறந்து ஸ்டீம் கணக்கில் நுழைந்தால் வாங்கியதெல்லாம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது.

நிற்கிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் நிறைய உழைப்பு உண்டு. வால்வ் 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கேமிங் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் மூலம் விற்றுப் பார்த்தது. எடுபடவில்லை, லினக்ஸில் ஓடுகிற ஆட்டங்களே குறைவு என்பதால். 2018இல் ப்ரோட்டான் வந்தது. விண்டோஸுக்காக எழுதிய ஆட்டம் விண்டோஸிடம் கேட்கிற ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்கிற மொழிபெயர்ப்பு அடுக்கு என்று சொல்லலாம். வைன் என்ற பழைய திறந்தமூலத் திட்டத்தின் மேல் கட்டியது. ஆட்டத்தை எழுதியவர்கள் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். இது வந்திருக்காவிட்டால் டெக்கும் ஸ்டீம் மெஷின் போன வழியிலேயே போயிருக்கும். நான் பேசுகிற "துணை" என்கிற சங்கதியே பழைய நூலகம் அப்படியே கைக்கு வருவதில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, மதிப்புரைகளில் ஒற்றை வரியில் கடந்து போகிற ஒன்று: மேல்விளிம்பில் இருக்கிற பவர் பட்டன். அதை ஒரு முறை அழுத்தினால் ஆட்டம் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். சண்டைக்கு நடுவில், யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, எங்கே வேண்டுமானாலும். மறுபடி அழுத்தினால் சில நொடிகளில் அதே இடம். பிசியில் ஒரு ஆட்டத்துக்குள் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பூட் ஆகி, ஸ்டீம் திறந்து, நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக வந்து போய், மெனு, லோடிங். அவ்வளவு தூரம் போனால் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆடாமல் எழுந்திருக்க மனசு வராது. ஆகவே ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில் ஆடுவதே இல்லை. டெக்கில் குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். பாலட்ரோ, ஸ்லே த ஸ்பையர் மாதிரி சீட்டு ஆட்டங்கள் இந்தக் கருவிக்கென்றே எழுதியது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். வீட்டுக்குள் நடமாட முடிவது நல்லதுதான், ஆனால் நேரத்தைத் துண்டு துண்டாகச் செலவழிக்க முடிவது அதைவிடப் பெரிது.

இரண்டு கருவியையும் இணைக்கிற கயிறு கிளவுட் சேவ். பிசியில் ஆட்டத்தை மூடும்போது சேமித்த கோப்பு ஸ்டீம் சர்வருக்குப் போகிறது, டெக்கில் திறக்கும்போது இறங்குகிறது. கேட்க எளிமையாக இருக்கிறதா? இங்கேதான் ஒரு வேடிக்கை. மேலே புகழ்ந்த பவர் பட்டனும் இந்தக் கிளவுட் சேவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆட்டத்தை "மூடும்போது" தான் கோப்பு மேலே போகும். பவர் பட்டனை அழுத்தித் தூங்கவைத்தால் ஆட்டம் மூடப்படவில்லை, உறைந்திருக்கிறது. ராத்திரி டெக்கைத் தூங்கவைத்துவிட்டுக் காலையில் பிசியில் திறந்தால், நேற்று ஆடிய இரண்டு மணி நேரம் அங்கே இருக்காது. அதைக் கவனிக்காமல் பிசியில் தொடர்ந்து ஆடிவிட்டு அப்புறம் டெக்கை எழுப்பினால் இரண்டு கோப்புகள், எது வேண்டும் என்று ஸ்டீம் கேட்கும். தேதியைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், மற்றது போனது போனதுதான்.

வால்வுக்கு இது தெரியாமல் இல்லை. தூங்கப்போகும் முன்பே கோப்பை மேலே அனுப்புகிற ஏற்பாடு ஒன்றை 2022இலேயே அறிவித்தார்கள். ஆனால் ஆட்டத்தை எழுதியவர்கள் அதற்கு இசைந்து அதைச் சேர்த்திருக்க வேண்டும். எல்லாரும் சேர்ப்பதில்லை, பழைய ஆட்டங்களைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை. சில ஆட்டங்களில் கிளவுட் சேவே கிடையாது. வேறு சிலவற்றில் சேவோடு சேர்த்து கிராபிக்ஸ் அமைப்புகளும் ஏறிவிடும். பிசியில் வைத்த உயர்தர அமைப்பு டெக்கில் இறங்கி, அது மூச்சுத் திணறும். பிசியில் மாட் போட்டு ஆடுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். மாட் கோப்புகள் தானாக வந்து சேராவிட்டால், அவற்றை நம்பி எழுதிய சேவ் திறக்காது, திறந்தாலும் ஏடாகூடமாகத் திறக்கும். ஆகவே "பிசியில் விட்ட இடத்தில் டெக்கில் தொடருங்கள்" என்கிற வாக்குறுதியை நான் முழுசாக நம்புவதில்லை. நாளடைவில் ஆட்டங்கள் தாமாகவே பிரிந்துகொள்கின்றன: இது மேசை ஆட்டம், இது கை ஆட்டம். இரண்டு பக்கமும் போய் வருகிறவை என் கணக்கில் ஐந்தாறுதான்.

பல்டர்ஸ் கேட் 3 அந்த ஐந்தாறில் ஒன்று, அதுவும் பாதி வழி வரைதான். முதல் பகுதியில் காடும் முகாமும் டெக்கில் சமாளிக்கக்கூடியவை. மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் நுழைந்ததும் கூட்டமும் கட்டடங்களும் சேர்ந்து கருவியை மண்டியிடவைத்தன. 2025 செப்டம்பரில் லாரியன் டெக்குக்கென்றே தனிப் பதிப்பு விட்டார்கள், அது நல்ல காரியம். இருந்தாலும் அந்த நகரத்தைப் பெரிய திரையில் பார்ப்பதுதான் மரியாதை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு உதாரணம் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது, முதல் டெக்குகள் ஆட்களின் கைக்குப் போன அதே சமயம். விண்டோஸ் பிசிகளில், விலை உயர்ந்த கார்டுகளிலும்கூட, ஆட்டம் திக்கித் திக்கி ஓடியது. டெக்கில் ஃபிரேம் எண்ணிக்கை குறைவு, ஆனால் அந்தத் திக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது. வால்வ் தன் மொழிபெயர்ப்பு அடுக்குக்குள்ளேயே திருத்தம் செய்திருந்தது. தவிர, எல்லா டெக்கிலும் ஒரே வன்பொருள் என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே தயாரித்து ஆட்டத்தோடு அனுப்பிவிட முடிகிறது. ஆயிரம் விதமான கார்டுகள் இருக்கிற பிசி உலகத்தில் அது முடியாது. ஆட்டம் எழுதியவர்களால் உடனே சரிசெய்ய முடியாததை நடுவில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் சரிசெய்தார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஃபிரேம் எண்ணும் மதிப்புரைகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெக் உதவாத இடங்கள் தெளிவானவை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வேலரன்ட், ஃபோர்ட்நைட், டெஸ்டினி 2 போன்றவை ஓடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை, அல்லது அந்த நிறுவனங்கள் ஏற்க விரும்பவில்லை. நேற்று ஓடியது இன்று ஓடாமலும் போகும்: ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் போனது, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதே அக்டோபர் கடைசியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஓடும், ஆனால் எதிரில் மவுஸ் வைத்திருப்பவனோடு கட்டைவிரல் குச்சியால் மோதப்போகிறீர்களா? பெரிய வரைபடமும் பொடி எழுத்துமாக வருகிற வியூக ஆட்டங்களில், இரண்டு பக்கமும் இருக்கிற டச்பேடுகள் மவுஸின் வேலையைக் கொஞ்சம் செய்கின்றன, கண்ணுக்குத்தான் உதவி இல்லை. வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டவர்கள் வாங்குவதற்கு முன் யாருடையதையாவது கையில் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. படுத்துக்கொண்டு ஆடலாம் என்கிறார்கள். 640 கிராமை முகத்துக்கு மேலே அரை மணி நேரம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வயிற்றில் ஒரு தலையணை அவசியம்.

விண்டோஸ் கருவிகள் இந்தத் தடுப்பு மென்பொருள் சிக்கலைத் தீர்க்கின்றன. ஆசுஸின் ஆர்ஓஜி அலை 2023 ஜூலையில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு முறையாகவே விற்பனைக்கு வந்தது. சிப் வேகம் அதிகம், திரை 1080பி, பிசியில் ஓடுகிற எதுவும் அநேகமாக ஓடும். ஆனால் நான் மேலே விரித்துச் சொன்ன அந்தப் பவர் பட்டன் விஷயத்தில் விண்டோஸ் சொதப்பியது. தூங்கவைத்தால் தூங்காது, எழுப்பினால் ஆட்டம் இருக்காது, நடுவில் ஒரு அப்டேட். சின்னத் திரையில் விண்டோஸ் டெஸ்க்டாப்பை விரலால் குத்திக்கொண்டிருப்பது, வேலை மேசையை விட்டு ஓடிவந்தவனைப் பின்னாலேயே வேலை துரத்தி வருவது மாதிரி. 2025இல் நிலைமை மாற ஆரம்பித்தது. லெனோவோ லீஜியன் கோ எஸ் கருவியை ஸ்டீம் ஓஎஸ் போட்டே விற்றது. மைக்ரோசாஃப்ட்டும் ஆசுஸும் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அலையில் டெஸ்க்டாப்பை மறைத்து நேராக ஆட்டப் பட்டியலுக்குப் போகிற முகப்பு வந்தது. வேகத்தில் ஜெயித்தவர்கள் தூக்கத்தில் தோற்றதைப் புரிந்துகொண்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு வகைத் துணை இருக்கிறது, அகராதிப்படி பார்த்தால் அதுதான் அசல் நிரப்பி: ஸ்ட்ரீமிங். ஆட்டம் ஓடுவது பிசியில், கைக்கு வருவது படம் மட்டும். பிசி இல்லாவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை, மை இல்லாத பேனா. என்விடியா 2013இல் 299 டாலருக்கு ஷீல்டு என்ற கையடக்கக் கருவியை இந்த எண்ணத்தோடுதான் கொண்டுவந்தது. காலத்துக்கு முந்திய யோசனை. கருவி நிலைக்கவில்லை, அதன் ஸ்ட்ரீமிங் சேவையையும் 2023இல் என்விடியா மூடிவிட்டது. ஆனால் அந்த நெறிமுறையைப் பார்த்துத் தன்னார்வலர்கள் எழுதிய மூன்லைட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிசியில் சன்ஷைன், டெக்கில் மூன்லைட் என்று போட்டால், 4070 வரைகிற படம் கையில் வரும். டெக்குக்கு வீடியோவை விரிக்கிற வேலை மட்டும்தான் என்பதால் பேட்டரி பல மணி நேரம் நிற்கும், விசிறிச் சத்தமும் இருக்காது.

ஆனால் நடைமுறை? பிசியை ரவுட்டரோடு கேபிள் போட்டு இணைத்திருக்க வேண்டும். நம் ஊர் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மெலிந்துவிடுகிறது. என் வீட்டில் ஹாலில் அருமையாக ஓடுவது மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு வரும்போது கட்டம் கட்டமாகிவிடும். கரண்ட் போனால் பிசியும் போச்சு, ரவுட்டரும் போச்சு. மே மாதத்து ராத்திரியில் கரண்ட் இல்லாதபோது உள்ளுக்குள்ளேயே ஓடுகிற ஆட்டத்தின் அருமை தெரியும். மே மாதம் என்றதும் இன்னொன்று. மானிட்டரோடு சேர்த்து 400 வாட் இழுக்கிற பிசி இரண்டரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்கிறது, அவ்வளவும் சூடாக அறைக்குள்ளேயே இறங்குகிறது. 25 வாட்டில் டெக் அதே ஒரு யூனிட்டில் 40 மணி நேரம் ஓடும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க யாரும் டெக் வாங்கப்போவதில்லை. அறை கொதிக்காமல் இருப்பது மட்டும் மெய்யான சுகம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2022இல் ஆரம்ப விலை 399 டாலர். ஓஎல்இடி வந்தபோது 549. இந்தியாவில் வால்வ் அதை நேரடியாக விற்கவில்லை. இறக்குமதி செய்து விற்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும், அவர்கள் சொல்வதுதான் விலை. நான் வாங்கிய கடையில் "ஆறு மாசம் கடை வாரண்டி சார்" என்றார்கள். நாலாவது மாதம் ஒரு பட்டன் அழுந்தாமல் போனபோது, "அது வாரண்டில வராது சார், யூஸேஜ்ல வர்றது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கடைசியில் போன் ரிப்பேர் செய்கிற ஒரு தம்பிதான் திறந்து சுத்தம் செய்து கொடுத்தார். அங்கே 549 டாலருக்கு நியாயமாகத் தெரிகிற பொருள் இங்கே அதே பொருள் இல்லை. விலை ஏறி, பொறுப்பு இறங்கி வருகிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வரும். ஆகவே உண்மையான போட்டி டெக்குக்கும் பிசிக்கும் இடையில் இல்லை, டெக்குக்கும் பிசியின் அடுத்த அப்கிரேடுக்கும் இடையில்தான். பிசி ஐந்தாறு வருடப் பழசாகி, ஆடுகிற நேரம் தாராளமாக இருந்தால் கார்டை மாற்றுங்கள். பிசி நன்றாக இருந்து நேரம்தான் இல்லை என்றால், 60 ஃபிரேமை 120 ஆக்குவதால் எதுவும் மாறப்போவதில்லை.

இந்தக் கருவி பிசியின் நேரத்தை என் வீட்டில் குறைக்கவில்லை, பெரிய ஆட்டங்கள் மேசையிலேயே நடக்கின்றன. அப்படியானால் டெக்கில் போகிற நேரம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் போனிலிருந்து, அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிச்சம் புத்தகத்திலிருந்து. தூங்கும் முன் இருபது பக்கம் என்று இருந்த இடத்தில் இப்போது பல நாட்கள் அந்தப் பவர் பட்டன் இருக்கிறது. துண்டு நேரங்களை நிரப்புகிற பொருளுக்கு அந்தத் துண்டுகளில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கவலை கிடையாது. பிசிக்கு நிரப்பியாக வாங்கியது வேறொன்றுக்குப் பதிலியாக வேலை செய்கிறது என்பதை எந்த மதிப்புரையும் சொல்லி நான் கேட்டதில்லை. டிஸ்கோ எலீசியம் மாதிரி பத்து லட்சம் வார்த்தைகள் கொண்ட ஆட்டத்தைப் படுக்கையில் ஆடும்போது இது வாசிப்புதானே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி ஊற்றுவதில் ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு நெடுங்கதை படித்த நிறைவும் இருக்கும். ஆனால் எல்லா ராத்திரியும் வெண்பா ஆடுவதில்லையே. வேம்பயர் சர்வைவர்ஸில் வௌவால் கொன்று போன மணி நேரங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். உங்கள் ஸ்டீம் நூலகத்தை ஆடிய மணி நேரப்படி வரிசைப்படுத்துங்கள். உச்சியில் கவுன்டர் ஸ்ட்ரைக்கோ டோட்டாவோ ஆயிரக்கணக்கான மணி நேரத்தோடு உட்கார்ந்து, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால் நல்ல மானிட்டர் வாங்குங்கள். மாறாக, நடுவில் மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம் என்று பிடித்துப் போயும் பாதியில் விட்ட ஆட்டங்கள் வரிசையாக நின்றால், ஒவ்வொன்றையும் ஏன் விட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் சலித்ததால் விட்டதை டெக் காப்பாற்றாது. அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாமல் விட்டது பத்து இருந்தால், டெக்குக்கான பத்து ஆட்டங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறீர்கள். கடையில் பில் போடும் முன் வாரண்டி பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.